வளர்ச்சித் தாமதத்துக்கான பரிசோதனைகள்: எதை முதலில் செய்வது, முடிவு வரும்வரை என்ன செய்வது?

கேள்வி: இரண்டு வயது மகனின் தாய்

என் மகனுக்கு இப்போது இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன. நிறைமாதத்தில் பிறந்தவன், பிரசவத்திலும் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. கழுத்து நிற்பதும் உட்காருவதும் சற்றுத் தள்ளிப் போயின. இருபதாவது மாதத்தில்தான் பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கினான். இன்றுவரை "அம்மா" என்பதைத் தவிர, பொருள் தெரிந்து அவன் சொல்லும் சொல் வேறில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துச் சென்று அந்த இடத்தில் நிறுத்துவான். நாங்கள் பேசுவதில் பாதியாவது அவனுக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதில் பழக்கத்தால் செய்வது எவ்வளவு, சொல்லைப் புரிந்துகொண்டு செய்வது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுப் பெரியவர்கள், "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான், சோதனை சோதனை என்று பிள்ளையை வாட்டாதே" என்கிறார்கள்.

குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, நடை, பேச்சு, புரிதல் எனப் பல வகையிலும் தாமதம் தெரிவதால் ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்று எழுதினார். காது கேட்கும் திறனுக்கான பெரா சோதனை, சில ரத்தப் பரிசோதனைகள், தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மைக்ரோஅரே என்னும் மரபணுச் சோதனை ஆகியவற்றைச் செய்யச் சொல்லியிருக்கிறார். இவற்றில் ரத்தம் எடுப்பது மட்டுமே முடிந்திருக்கிறது. முழங்கை மடிப்பில் நரம்பு கிடைக்காமல் புறங்கையில் இரண்டாம் முறையாகக் குத்தினார்கள். அவன் கையை அழுத்திப் பிடித்திருந்தது நான்தான். அவன் ஊசியைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதான். அதிலிருந்து அடுத்த சோதனையின் தேதியை உறுதிசெய்யவே கை நடுங்குகிறது.

இத்தனை சோதனைகளும் உண்மையில் தேவையா, எதை முதலில் செய்வது நல்லது, எம்.ஆர்.ஐ.க்காகக் கொடுக்கும் மயக்க மருந்தைப் பற்றி எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும், காரணம் தெரிந்த பிறகுதான் பயிற்சிகளைத் தொடங்க வேண்டுமா என்பவையே என் கேள்விகள். இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்களும் துறை சார்ந்தவர்களும் பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பள்ளி செல்லும் மகளின் தந்தை

சகோதரி, உங்கள் மகன் உங்கள் முகத்தைப் பார்த்து அழுததற்குக் காரணம், அந்த அறையில் அவனுக்கு நம்பிக்கையான முகம் அது ஒன்றுதான் இருந்தது என்பதே. அதை உங்கள் மீதான குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் பிடித்து அழுத்தும் வேலையைத் தாயிடமோ தந்தையிடமோ விடுவது தவிர்க்கக்கூடியதுதான். அடுத்த முறை ரத்தம் எடுக்கும் அறைக்குள் போனதுமே, பிள்ளையை உங்கள் மடியில், உங்கள் நெஞ்சோடு நெஞ்சாக, கால்கள் உங்கள் இடுப்பின் இரு பக்கமும் வரும்படி உட்கார வைத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். அவன் தலை உங்கள் தோளில் இருக்கட்டும். ரத்தம் எடுக்க வேண்டிய கையை உங்கள் அக்குள் வழியாகப் பின்பக்கம் நீட்டிவிட்டால் செவிலியர் அங்கே நின்று அதைப் பிடித்துக்கொள்வார். உங்களுக்கு அணைத்துக்கொள்ளும் வேலை மட்டுமே இருக்கும். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது. அதைக் குத்தப்போகும் இடத்தில் தடவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும் என்பதால், முன்கூட்டியே கேட்டால்தான் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. எழுதப்பட்டிருக்கும் எல்லா ரத்தப் பரிசோதனைகளுக்கும் ஒரே முறையில் ரத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும், யாரும் கேட்காததால்தான் தனித்தனியாக எடுக்கிறார்கள்.

எதை முதலில் செய்வது என்றால், ஒரு பெற்றோராக நான் தயங்காமல் சொல்வது காதுப் பரிசோதனை. பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் அதுவே முதலில் முடிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் மகள் கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பாள், அதனால் காதில் குறை இருக்காது என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஆனால் கதவுச் சத்தம், வண்டிச் சத்தம் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்டுக்கொண்டே, 'ச', 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பேச்சு முழுவதும் ஓட்டை விழுந்த ஒலியாகவே வந்து சேரும். பெராவில் வலி எதுவும் இல்லை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு ஒட்டிகளை ஒட்டி, காதுக்குள் ஒலியைச் செலுத்தி, நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை அந்த ஒலிக்கு எதிர்வினை வருகிறதா என்று பதிவு செய்கிறார்கள். பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே சிரமம். காலையில் சீக்கிரம் எழுப்பி, பகல் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு அழைத்துச் சென்றால் பல பிள்ளைகள் இயல்பாகவே தூங்கிவிடுகிறார்கள். தூங்காவிட்டால், எம்.ஆர்.ஐ.க்கு மயக்கம் கொடுக்கும் அன்றே பெராவையும் முடித்துவிட ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். எல்லா மருத்துவமனைகளிலும் அது கைகூடாது, ஆனாலும் கேட்பதில் தவறில்லை.

மற்ற ஒவ்வொரு சோதனைக்கும் மருத்துவரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே: இதன் முடிவு எப்படி வந்தாலும் என் மகளுக்குச் செய்யப்போவது மாறுமா? இதைக் கேட்டால் மருத்துவர் வருத்தப்படுவாரோ என்று தயங்காதீர்கள். எங்கள் மருத்துவர் ஒரு சோதனையை அந்தக் கேள்வியின் பேரிலேயே தள்ளிவைத்தார், வேறொன்றுக்கு, "ஆம், மாறும், இதற்கு மருந்து இருக்கிறது, நாள் கடத்தக்கூடாது" என்றார். அந்த இரண்டாவது பதில் கிடைத்த பிறகு ஊசியைப் பார்த்து எனக்கு வந்த நடுக்கம் வெகுவாகக் குறைந்தது.

பதில்: குழந்தைகள் நரம்பியல் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்

வணக்கம் அம்மா. உங்கள் மகனை நான் பார்க்கவில்லை என்பதால், எழுதப்பட்ட சோதனைகளின் பின்னுள்ள பொதுவான காரணங்களை மட்டும் விளக்குகிறேன். உங்கள் மருத்துவர் எழுதிய 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்ற பெயர், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, வளர்ச்சியின் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரிவுகளில் குறிப்பிடத்தக்க தாமதம் இருக்கும்போது பயன்படுத்துவது. அது ஒரு நோயின் பெயர் ஆகாது. இன்ன காரணத்தால் என்று அது எதையும் சொல்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நலமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் கால எல்லை ஏறத்தாழ 8 முதல் 17.6 மாதம் வரை என்று கண்டார்கள். உங்கள் மகன் அந்த எல்லையைத் தாண்டி நடந்தவன், பேச்சிலும் பின்தங்கியவன். எனவே "அவன் அப்பாவும் அப்படித்தான்" என்று காத்திருப்பது சரியல்ல என்பதில் உங்கள் மருத்துவரோடு நான் உடன்படுகிறேன்.

ரத்தப் பரிசோதனைகளில் முதலில் தேடப்படுபவை, மருந்தாலோ உணவு மாற்றத்தாலோ சரிசெய்யக்கூடியவை. தைராய்டு குறைவு அவற்றில் முக்கியமானது. உடலின் வேதிமாற்றக் குறைபாடுகள் சிலவும் அப்படிப்பட்டவையே. உணவுப் புரதத்தில் உள்ள ஒரு பொருளை உடலால் சிதைக்க முடியாத பினைல்கீட்டோனூரியா என்னும் குறைபாட்டை 1934இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்ததற்குக் காரணம், வளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளின் சிறுநீரில் வரும் விசித்திரமான வாசனைக்கு விளக்கம் கேட்டு ஒரு தாய் விடாமல் அலைந்ததுதான். பெற்றோர் கவனித்துச் சொல்வதை நாங்கள் எவ்வளவு மதிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தாயை நினைப்பேன். நடை தாமதமான ஆண் பிள்ளைகளுக்குத் தசைச் சிதைவு நோய் இருக்கிறதா என்று அறிய சி.கே. என்ற எளிய ரத்தப் பரிசோதனை உண்டு. அது உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேதிமாற்றக் குறைபாடுகளைத் தேடுவதற்காகப் பார்க்கும் அம்மோனியா, லாக்டேட் ஆகியவற்றுக்கு எடுத்த ரத்தத்தில் அளவு சற்றே கூடுதலாக வந்தால் உடனே கலங்கிவிடாதீர்கள். கையில் கட்டு நெடுநேரம் இறுக்கியிருந்தாலும், பிள்ளை திமிறி அழுதாலும், மாதிரியை ஐஸில் வைத்து விரைவாக ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லாவிட்டாலும் அந்த அளவுகள் பொய்யாக உயரும். மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

மைக்ரோஅரே என்பது மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் எங்காவது ஒரு சிறு துண்டு குறைந்திருக்கிறதா அல்லது இரட்டித்திருக்கிறதா என்று பார்ப்பது. காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதத்தில் நுண்ணோக்கி வழியே குரோமோசோம்களைப் பார்க்கும் பழைய சோதனை, டவுன் சின்ட்ரோம் போன்ற வெளிப்படையானவற்றைத் தவிர்த்துப் பார்த்தால், நூற்றில் மூவருக்கே விடை தந்தது. மைக்ரோஅரே நூற்றில் 15 முதல் 20 பேருக்குத் தருகிறது. 2010இல் அது முதல்நிலைச் சோதனையாகப் பரிந்துரைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். ஆனால் மரபணுவின் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் அது மைக்ரோஅரேயில் தெரியாது. அதற்கு, மரபணுக்களின் முக்கியப் பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் சோதனை வேண்டும். ஃப்ரஜைல் எக்ஸ் என்னும் நிலையில், குறிப்பிட்ட மூன்று எழுத்துகள் 200 முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்கின்றன. இதை மைக்ரோஅரே காட்டாது, வழக்கமான எக்ஸோம் சோதனையும் காட்டாது. தனியாகத்தான் கேட்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் வரை பெரும் இரைச்சலுக்கு நடுவே அசையாமல் கிடக்க வேண்டும் என்பதாலேயே மயக்கம் தேவைப்படுகிறது. தலையின் சுற்றளவு வயதுக்குப் பொருந்தாமல் இருந்தாலோ, வலிப்பு இருந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனமாகவோ இறுக்கமாகவோ இருந்தாலோ, இந்த ஸ்கேனில் விடை கிடைக்கும் வாய்ப்பு கூடும். இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு மரபணு முடிவு வரும்வரை ஸ்கேனைத் தள்ளிவைப்பதும் உண்டு. உங்கள் மருத்துவர் எதைக் கண்டு எழுதினார் என்று கேட்பது முறையான கேள்வியே. மயக்கத்தைப் பொறுத்தவரை, பயிற்சி பெற்ற மயக்கவியல் மருத்துவர் பக்கத்தில் இருந்து ஆக்ஸிஜன் அளவையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அது பாதுகாப்பானது. பொதுவாகத் திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பே நிறுத்தப்பட வேண்டும். தண்ணீருக்கான கணக்கை உங்கள் மருத்துவமனை சொல்லும். பசியால் அழுகிறான் என்று இரக்கப்பட்டு இடையில் எதையும் கொடுத்துவிடக் கூடாது. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போவதே உண்மையான ஆபத்து. சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லித் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். நாளின் முதல் இடத்தைக் கேட்டு வாங்கினால் பட்டினி நேரத்தின் பெரும்பகுதி தூக்கத்திலேயே கழிந்துவிடும்.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை உங்கள் பட்டியலில் இல்லாததில் வியப்பில்லை. வலிப்பு பற்றிய ஐயம் இல்லாத பிள்ளைக்கு அதை வழக்கமாகச் செய்வதில்லை. ஆனால் வந்த சொல் மறைந்துபோவது, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் இருப்பது, கண்கள் நிலைகுத்திச் சில நொடிகள் எதற்கும் பதில் இல்லாமல் இருப்பது, உடல் திடீர் திடீரென்று மடங்கி நிமிர்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே செல்பேசியில் பதிவு செய்து அன்றே காட்டுங்கள். அறையில் நீங்கள் சொல்லால் விவரிக்கும் பத்து நிமிடத்தைவிட அந்த அரை நிமிடப் பதிவு எங்களுக்குக் கூடுதலாகச் சொல்லும்.

பதில்: பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சியாளர்

பயிற்சியை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். காரணம் தெரியும்வரை காத்திருக்கவே வேண்டாம். மரபணு அறிக்கை வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும், எல்லாச் சோதனைகளையும் செய்த பிறகும் பலருக்குக் காரணம் தெரியாமலே போகும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மாதங்கள் மிகப் பெரியவை. இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் குழந்தையால் இன்று எதைச் செய்ய முடிகிறது, அடுத்த படி எது என்பதை வைத்தே திட்டமிடப்படுகின்றன. நோயின் பெயர் தெரிந்தால் திட்டத்தில் சில மாறுதல்கள் வரலாம்; செய்தது வீணாகாது. செவித்திறன் சோதனை மட்டும் விதிவிலக்கு. காதுக் கருவி தேவைப்படும் பிள்ளைக்கு அது இல்லாமல் பேச்சுப் பயிற்சி தருவதில் பலன் குறைவு என்பதால் பெராவை இந்த வாரமே முடிக்கப் பாருங்கள்.

உங்கள் மகன் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்கலாம். அவன் இழுத்துச் சென்று நிறுத்தும் இடத்தில் உடனே பொருளை எடுத்துக் கொடுத்துவிடாமல், அவன் உயரத்துக்குக் குனிந்து, இரண்டு பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, ஒவ்வொன்றின் பெயரையும் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணும் அளவுக்குப் பேசாமல் காத்திருங்கள். அவன் பார்வையாலோ விரலாலோ ஒலியாலோ எதைத் தேர்ந்தாலும் அதைச் சொல்லாக ஏற்று அந்தப் பொருளைக் கொடுங்கள். புரிதல் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. கையால் காட்டாமல், கண்ணாலும் அந்தப் பக்கம் பார்க்காமல், வழக்கம் இல்லாத நேரத்தில், "செருப்பை எடுத்து வா" என்பது போல ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். செய்கிறானா இல்லையா என்பதைத் தேதியோடு குறித்து வைத்தால், உளவியலாளர் செய்யும் வளர்ச்சி மதிப்பீட்டுக்கு அது மிகவும் உதவும்.

பதில்: நான்கு வயது மகனின் தாய்

தங்கையே, சோதனைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். முடிவு வந்த பிறகு என்ன ஆகும் என்பதை யாரும் எனக்கு முன்னதாகச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். என் மகனின் ஸ்கேன், ரத்தம், மைக்ரோஅரே அனைத்தும் இயல்பு என்றே வந்தன. உறவினர்கள் வாழ்த்தினார்கள். எனக்கு மகிழ்ச்சியும் அழுகையும் சேர்ந்தே வந்தன, ஏனென்றால் அவன் இன்னும் பேசவில்லை. இயல்பு என்று வரும் அறிக்கை, அந்தச் சோதனை தேடியது அங்கே இல்லை என்று மட்டுமே சொல்கிறது. தாமதம் இல்லை என்றோ, நீங்கள் வீணாகப் பயந்தீர்கள் என்றோ அதற்குப் பொருள் இல்லை. "எல்லாம் நார்மல், இனிப் பயிற்சி எதற்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதற்கு இணங்காதீர்கள்.

அதன் பிறகு எக்ஸோம் சோதனையில் "பொருள் உறுதியற்ற மாற்றம்" என்று ஒன்று வந்தது. மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். தீங்கற்றதற்கும் நோய் தருவதற்கும் நடுவில் நிற்பது இந்த வகை. அதாவது, இதனால்தான் தாமதம் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. அந்த மரபணுவின் பெயரை நான் இரவெல்லாம் இணையத்தில் தேடி, எங்கோ உள்ள மிகக் கடுமையான பாதிப்புகளை எல்லாம் என் பிள்ளைக்கு வரப்போவதாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். மரபியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டபோதுதான், இப்படிப்பட்ட மாற்றத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதும், ஓரிரண்டு ஆண்டுகள் கழித்து அதே தரவை மறுபடி ஆராயச் சொல்லலாம், அதற்குப் பிள்ளையிடம் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்தன. அறிக்கையை மின்னஞ்சலில் தனியாகத் திறந்து படிக்காமல், விளக்கிச் சொல்லும் ஒருவர் முன்னிலையில் கணவரும் நீங்களும் சேர்ந்து கேட்பதற்கு இப்போதே தேதி கேட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: இரண்டு வயது மகனின் தாய்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெராவுக்கு நாள் குறித்துவிட்டேன், சி.கே. பற்றியும் ஸ்கேனுக்கான காரணம் பற்றியும் எழுதி எடுத்துச் செல்கிறேன். டாக்டர், இன்னொரு கேள்வி மட்டும். மைக்ரோஅரேயில் விடை கிடைக்காவிட்டால், அடுத்து எக்ஸோம் சோதனைக்கு எங்கள் இருவரின் ரத்தமும் வேண்டும் என்கிறார்கள். என் கணவர் தயங்குகிறார். "குறை யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், அதன்பின் வீட்டில் அதுவே பேச்சாகிவிடும்" என்பது அவருடைய அச்சம்.

பதில்: குழந்தைகள் நரம்பியல் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது, நான் அடிக்கடி கேட்பதும்கூட. அவரிடம் இதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு மனிதரிடமும் ஆயிரக்கணக்கான அரிய மாற்றங்கள் இருக்கின்றன. பிள்ளையின் ரத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவற்றில் எது பொருட்படுத்தத்தக்கது என்று பிரிப்பது கடினம். பெற்றோரின் மாதிரியும் இருந்தால், நலமாக இருக்கும் தாயிடமோ தந்தையிடமோ உள்ள மாற்றங்களில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடலாம். பொருள் உறுதியற்றது என்று வரும் குழப்பமும் குறையும். கடுமையான வளர்ச்சித் தாமதத்தில் காரணமாகக் கண்டறியப்படும் மாற்றங்களில் பல, இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியவை. அப்போது அது யாரிடமிருந்தும் வந்ததில்லை என்று எழுத்தில் இருக்கும், அடுத்த குழந்தைக்கு மீண்டும் வரும் வாய்ப்பும் மிகக் குறைவு என்று சொல்ல முடியும். இருவரிடமும் ஒரே மரபணுவில் மாற்றம் இருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்திருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு உண்டு. அதைத் தெரிந்துகொள்வது அடுத்த குழந்தை பற்றிய முடிவுக்குத் தேவைப்படும். அந்த நிலையிலும் இருவரின் பங்கும் சமமே.

முடிவை யாரிடம் சொல்வது என்பது முழுக்க உங்கள் இருவரின் உரிமை. வீட்டில் எல்லோரிடமும் பகிர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எக்ஸோம் சோதனையில், பிள்ளையின் தாமதத்தோடு தொடர்பில்லாத, பிற்காலத்தில் வரக்கூடிய சில புற்றுநோய்கள் அல்லது இதய நோய்களுக்கான மாற்றமும் தற்செயலாகத் தென்படலாம். அவற்றைத் தெரிவிக்க வேண்டுமா வேண்டாமா என்று ஒப்புதல் படிவத்தில் கேட்பார்கள். கையெழுத்திடும் முன் அந்தப் பகுதியை இருவரும் சேர்ந்து படித்து, உங்கள் விருப்பத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.